1991 ஏப்ரலில் எங்கள் வீட்டின் விலை என்ன?

லண்டனின் வடமேற்குப் புறநகரில், சுவரோடு சுவர் ஒட்டிய ஆறு வீடுகளில் ஒன்றை வாங்கிக் குடியேறினோம். கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சி மன்றம் வீடுகளுக்கு வசூலிக்கும் வரி, குறித்த கடிதத்தில் ‘ஈ’ பேண்ட் (வீட்டின் மதிப்பை வைத்துப் பிரித்த வரிப் படிநிலை) என்று இருந்தது. அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டின் பேண்டும் தெரியும். பார்த்தேன். மற்ற ஐந்து வீடுகளும் ‘டி’. ‘டி’ வீடு 9 பவுண்டு கட்டும் ஊரில் ‘ஈ’ வீடு 11 பவுண்டு கட்ட வேண்டும் என்பது சட்டம் வகுத்த விகிதம். வீட்டுக் கடனோடு இதுவும் சேர்ந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் கவுன்சிலுக்குத்தான் தொலைபேசினேன். அவர்கள் பணம் வசூலிப்பவர்கள். பேண்டை முடிவு செய்வது தனியான மதிப்பீட்டு அலுவலகம். இங்கிலாந்தில் அந்த முடிவுக்கு அடிப்படை 1991 ஏப்ரல் 1 அன்று வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பது. 68,000 பவுண்டைத் தாண்டி 88,000 வரை ‘டி’. அதற்கு மேல் 120,000 வரை ‘ஈ’. நாங்கள் இன்று கொடுத்த விலைக்கு அங்கே வேலையே இல்லை. இணையத்தில் கிடைக்கும் சராசரி விலைக் கணிப்பான்களையும் சான்றாக ஏற்கமாட்டார்கள்.

வரி கட்டும் பொறுப்பு நம் பெயருக்கு வந்த 6 மாதத்துக்குள் முறையாக ஆட்சேபிக்கும் உரிமை உண்டு. நான் விழித்துக்கொண்டது நான்காவது மாதத்தில். தாமதமானாலும் வலுவான சான்றோடு மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் உரிமையாகக் கேட்பதன் பலம் அதற்கு இல்லை.

ஆனாலும் உடனே மனுப் போட எனக்கு மனம் வரவில்லை. மறு ஆய்வில் நம் பேண்ட் கூடவும் செய்யலாம். அதைவிட, அண்டை வீடுகளின் பேண்ட்தான் தவறு என்று மதிப்பீட்டு அலுவலகம் கண்டால் அந்த வீட்டுக்காரர்களுக்கு வரி ஏறும். அடுத்த வீட்டில் இருப்பவர் எண்பதைக் கடந்த குஜராத்திப் பாட்டி. ஓய்வூதியத்தில் தனியாக வாழ்கிறார். என் மனுவால் அவருக்குச் செலவு கூடினால் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?

அதனால் முதலில் அளவுகளைச் சரிபார்த்தேன். வீடுகளின் ஆற்றல் திறன் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் இருக்கின்றன. அதில் தரைப் பரப்பு சதுர மீட்டரில் குறித்திருக்கும். எங்கள் வீடு 87. சான்றிதழ் கிடைத்த மற்ற மூன்று வீடுகளும் 86 முதல் 88 வரை. எங்கள் வீட்டில் பின்பக்க விரிவாக்கம் எதுவும் இல்லை. முன்பிருந்தவர் கட்டியிருந்தால், வீடு கைமாறும்போது பேண்ட் ஏற அதுவே காரணமாகியிருக்கும்.

பிறகு பாட்டியின் கதவைத் தட்டி, அவருக்கு வரக்கூடிய ஆபத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பழைய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். 1990-இல் அவர் வீடு வாங்கியபோது வழக்கறிஞர் அனுப்பிய கடிதம்; விலை 84,500 பவுண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நில உரிமைப் பதிவகம் பொதுவில் வெளியிடும் விற்பனை விலைகள் 1995-இலிருந்துதான் தொடங்குகின்றன. 1991-ஐ ஒட்டிய விலைக்கு இப்படி யாராவது பத்திரப்படுத்திய காகிதத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்தக் கடிதத்தின் நகல், நான்கு வீடுகளின் முகவரி, பேண்ட், பரப்பு, வீட்டு முகப்புகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்து மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். கட்டணம் ஒரு பைசா இல்லை. திரும்பக் கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்டு முன்வரும் முகவர்களுக்குக் கொடுக்க இதில் வேலையும் இல்லை. முடிவு வரும்வரை பழைய தொகையையே மாதந்தோறும் கட்டினேன். நிறுத்தினால் கவுன்சில் நிலுவை என்று துரத்தும். மறுத்திருந்தால் 3 மாதத்துக்குள் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகத் தயாராக இருந்தேன்.

போக வேண்டியிருக்கவில்லை. கடிதம் வந்தது: ‘டி’, நாங்கள் பொறுப்பேற்ற நாளிலிருந்து. கூடுதலாகக் கட்டியதைக் கவுன்சில் எங்கள் கணக்கில் வரவு வைத்தது. ஏன் இத்தனை காலம் ‘ஈ’ என்று இருந்தது என்பதற்கு விளக்கம் எதுவும் இல்லை. அது எனக்கு இன்னும் ஆறாத கோபம். அன்று மாலை பக்கத்து வீட்டுக்குப் போய், பாட்டியின் பேண்ட் மாறவில்லை என்பதைத்தான் முதலில் சொன்னேன்.