எல்.பி.என். படிக்கலாமா? என் நாட்குறிப்பிலிருந்து

செப்டம்பர் 8, 2025

அமெரிக்காவில், முதியோரைப் பராமரிக்கும் நர்ஸிங் ஹோமில் எனக்கு சி.என்.ஏ. வேலை, அதாவது நர்ஸுக்கு உதவியாளர். குளிப்பாட்டுவது, பக்கம் திருப்பிப் படுக்கவைப்பது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் நான்தான். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் முதலில் கண்ணில் படுவதும் எனக்குத்தான். ஆனால் ஓடிப்போய் நர்ஸிடம் சொல்வதோடு என் எல்லை முடிந்துவிடுகிறது. இன்று ஒரு பாட்டிக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது. நர்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் ஏதாவது செய்யத் தெரிந்தவளாக, செய்ய உரிமை உள்ளவளாக இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த படி எல்.பி.என்., அதாவது உரிமம் பெற்ற நடைமுறை நர்ஸ். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி 12 மாதத்தில் முடித்துத் தருகிறதாம்.

செப்டம்பர் 11

சம்பளக் கணக்கைத் தேடிப் பார்த்தேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்குப்படி எல்.பி.என்.களின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 62,340 டாலர், அதற்கும் மேல்படியான ஆர்.என்.களுக்கு (பதிவுபெற்ற நர்ஸ்கள்) 93,600. என்னைப் போன்றவர்களுக்கு 40,000-க்குக் கொஞ்சம் கீழே. ஒரு வருஷப் படிப்புக்கு 20,000 டாலருக்கு மேல் உயர்வு என்பது எங்கள் வீட்டுக்குப் பெரிய விஷயம். ஆனால் ஆர்.என். சம்பளத்தைப் பார்த்தபிறகு, எல்.பி.என்.னோடு நின்றுவிட முடியுமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

செப்டம்பர் 15

பள்ளிக்குப் போய் வந்தேன். மாநில நர்ஸிங் போர்டின் அங்கீகாரம் இருக்கிறது, சரி. எல்.பி.என். உரிமத்துக்கான என்கிளெக்ஸ்-பி.என். தேர்வில் உங்கள் மாணவர்கள் முதல் முறையிலேயே எத்தனை சதவீதம் தேறுகிறார்கள் என்று கேட்டேன். பேச்சு சுற்றிச் சுற்றிப் போனது. இங்கே படித்த பாடங்களைப் பின்னால் ஆர்.என். படிப்பில் ஏற்றுக்கொள்வார்களா என்றேன். "அது அந்தந்தக் கல்லூரியைப் பொறுத்தது" என்றார்கள். இந்த வாரமே முன்பணம் கட்டினால் கட்டணத்தில் தள்ளுபடியாம். கட்டவில்லை.

அங்கீகாரத்தைப் பள்ளியின் வாய்வார்த்தையில் நம்பாமல், போர்டின் இணையதளத்திலேயே பார்ப்பது நல்லது. 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்ஸிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டது வெளியே வந்தது. எல்.பி.என். சான்றிதழ்களும் அதில் இருந்தன. நோயாளியின் உயிரோடு விளையாடிய அந்த வியாபாரத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

செப்டம்பர் 19

எங்கள் தளத்து எல்.பி.என்.னிடம் பிரேக்கில் மனம்விட்டுப் பேசினேன். மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு ஷிஃப்டில் 25 பேரைப் பார்க்கிறார். ஒவ்வொருவருக்கும் எட்டு, பத்து மாத்திரை. புண்ணுக்குக் கட்டு, இன்சுலின், டாக்டருக்கு ஃபோன், அப்புறம் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். "வேலை பிடிச்சிருக்கு, ஆனா ஆஸ்பத்திரியில சேரணும்னா ஆர்.என். இருக்கான்னுதான் கேக்குறாங்க" என்ற பொருளில் சொன்னார். நோயாளியின் முதல் மதிப்பீடும் பராமரிப்புத் திட்டமும் ஆர்.என். பொறுப்பு. எல்.பி.என். என்ன செய்யலாம், குறிப்பாக ரத்தக்குழாய் வழியே ஏற்றும் ஐ.வி. மருந்தில், என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

செப்டம்பர் 24

ஆர்.என்.னாக இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா, "நீதான் பி.காம். முடிச்சிருக்கியே, நேரா ஆக்சிலரேட்டட் பி.எஸ்ஸி. நர்ஸிங்கே பண்ணலாமேம்மா" என்றார். அதை முடித்தால் நேராக ஆர்.என். ஆகலாம். வேறு பட்டம் உள்ளவர்களுக்கான படிப்பு அது, பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். ஆனால் உடற்கூறியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் எல்லாம் முதலில் முடித்திருக்க வேண்டும். படிக்கும்போது வேலைக்குப் போவது ஏறக்குறைய நடக்காத காரியம். என் வீட்டுக்காரர் சம்பளம் மட்டும் வைத்து அவ்வளவு மாதம் ஓட்ட முடியாது. இன்னொன்றும் தெரிந்தது: ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு, திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகையான பெல் கிராண்ட் பொதுவாகக் கிடையாது, அது இந்தியாவில் வாங்கிய பட்டமாக இருந்தாலும். கடன் மட்டும்தான் வழி.

அக்டோபர் 2

கம்யூனிட்டி காலேஜில் (குறைந்த கட்டணத்தில் படிக்கும் உள்ளூர் அரசுக் கல்லூரி) ஆலோசகரைப் பார்த்தேன். அங்கும் எல்.பி.என். இருக்கிறது. முன்பாடங்களோடு சேர்த்தால் தனியார் பள்ளியைவிட ஆறேழு மாதம் கூடுதலாகும். ஆனால் கட்டணம் பாதிகூட இல்லை. தேர்ச்சி விகிதத்தை நான் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டினார். முக்கியமாக, எல்.பி.என்.கள் ஆர்.என். ஆவதற்காக அதே கல்லூரி நடத்தும் பிரிட்ஜ் படிப்பில் இந்தப் பாடங்கள் அப்படியே சேரும். எல்.பி.என். சம்பளம் வாங்கிக்கொண்டே மேலே படிக்கலாம்.

மேலே ஏற வழி இருந்தால் குறுகிய படிப்பு எனக்குப் பிரயோஜனம். அங்கேயே நின்றுவிடும் என்றால், எவ்வளவு சீக்கிரம் முடிந்தாலும் எனக்கு வேண்டாம். இவரிடமும் சொல்லிவிட்டேன். ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரி, சேர்ந்துடு" என்றார்.

அக்டோபர் 6

ஜனவரி பருவத்துக்கு உடற்கூறியலில் பெயர் கொடுத்தாயிற்று. மாலை ஷிஃப்டுக்கு மாற்றித்தரக் கேட்டிருக்கிறேன், மேனேஜர் வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார். நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சியான கிளினிக்கல் தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி விவரம், டி.பி. பரிசோதனை, சி.பி.ஆர். (இதய இயக்க முதலுதவி) சான்று, பின்னணிச் சோதனை எல்லாம் வேண்டும். தடுப்பூசி அட்டை அம்மாவின் பீரோவில் இருக்கலாம், நாளை காலை ஃபோன் செய்து தேடச் சொல்ல வேண்டும்.