காலிமுகத்திடலில் ஒரு மூச்சிரைப்பு
நேற்றிரவு நண்பர் வீட்டு விருந்தில் சாராயம் அருந்தி, நான்கு மணித்தியாலம் மட்டுமே உறங்கி எழுந்து, இன்று அதிகாலை காலிமுகத்திடலில் வழமையான வேகத்தில் ஓட முயன்றபோது, கைக்கடிகாரம் இதயத்துடிப்பை 168 எனக் காட்டியது. வழமையாக அது 150ஐத் தாண்டுவதில்லை. மது, சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்ற ஹோர்மோனின் சுரப்பைத் தணிப்பதால் உடல் நீரை இழக்கிறது. கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்துகொள்ள, இதயம் கூடுதலாக உழைக்க நேரிடுகிறது. குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்பது அரை உண்மை: விரைவில் வரும் தூக்கம் பின்னிரவில் அடிக்கடி கலைந்துவிடும். 2014இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், பயிற்சிக்குப் பின் புரதத்துடன் மதுவும் அருந்தியவர்களின் தசைப் புரத உருவாக்கம் 24 சதவீதம் குறைந்திருந்தது (அவர்கள் அருந்திய அளவு என்னுடையதைவிட அதிகம் என்பது சிறு ஆறுதல்). இரண்டாவது சுற்றைக் கைவிட்டு, செவ்விளநீர் ஒன்றை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்தபடி அமர்ந்துவிட்டேன்.