சரிவில் தளம் எங்கே இருக்கிறது?

அக்கா மகனுக்கு ஆறாம் வகுப்பில் புள்ளி, கோடு, தளம் நடக்கிறது. புள்ளியும் கோடும் வரைந்து பார்த்துவிட்டான். தளம் என்றால் மட்டும் "கரும்பலகை, மேசை" என்று ஒப்பித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறான். கோத்தகிரியில் நிலம் அளந்து பிழைக்கிற எனக்கு இது பொறுக்கவில்லை. மலையில் எனக்குச் சோறு போடுவதே அந்தத் தளம்தான்.

முதலில் புள்ளி. அதற்கு நீளம், அகலம் கிடையாது. இடம் மட்டும் உண்டு. எல்லைக்கல் நல்ல தடிமனாக இருக்கும். அந்தத் தடிமனில் எது எல்லை? அதனால்தான் கல்லின் தலையில் பெருக்கல் குறி வெட்டுவது. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நமக்கு வேண்டிய புள்ளி. உளி போட்ட கோட்டுக்கும் அகலம் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், இதற்கு முடிவே இல்லை. "பகுதி இல்லாதது புள்ளி" என்று பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் வரையறுத்தார். 1899-ல் ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட் அந்த வம்பே வேண்டாமென்று புள்ளி, கோடு, தளம் மூன்றையும் வரையறுக்காமலே விட்டார். அவற்றுக்குள் என்ன உறவு என்பதை மட்டும் சொல்லி வடிவியலைக் கட்டினார். நான் அவர் கட்சி.

உறவு என்றால் இப்படி: இரண்டு புள்ளி வழியாக ஒரே ஒரு நேர்க்கோடுதான் போகும். தாளில் இது சப்பென்று இருக்கும். இரண்டு கல்லுக்கும் நடுவில் ஒரு மேடு இருந்தால் தெரியும் சேதி. இந்தக் கல்லில் நின்றால் அந்தக் கல் தெரியாது. ஆனாலும் கோடு இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் கம்போடு மேட்டில் ஏறி எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் எதிரில் நிற்பவரும், அவருக்குப் பின்னால் இருக்கும் கல்லும் தெரிய வேண்டும். "அண்ணா, ஒரு அடி இடப்பக்கம் வாங்க" என்று இவர் அவரைக் கல்லுக்கு நேராக நிறுத்துவார். பிறகு அவர் இவரை நகர்த்துவார். தேயிலைச் செடிக்குள் தடுமாறிக்கொண்டே மாறி மாறி நகர்வார்கள். இனி யாரும் நகர வேண்டாம் என்று ஆகும்போது இரண்டு கல், இரண்டு ஆள், நான்கும் ஒரே கோட்டில் இருக்கும்.

ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் ஒரே ஒரு தளத்தைத் தீர்மானிக்கும். நிலம் அளக்கும் கருவியின் ஸ்டாண்டுக்கு மூன்று கால் வைத்தது அதனால்தான். எந்தக் கரடுமுரடிலும் மூன்றும் தரையைத் தொடும், ஆடாது. சரிவில் இரண்டு காலைக் கீழ்ப்பக்கமும் ஒன்றை மேல்பக்கமும் ஊன்றுவோம். பிறகு ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும். மலையில் எங்கேயும் இல்லாத கிடைத்தளம், அதாவது எந்தப் பக்கமும் சாயாத மட்டமான தளம், அப்போதுதான் கைக்குக் கிடைக்கிறது.

பத்திரத்தில் எழுதுகிற சென்ட் அந்தக் கிடைத்தளத்தின் கணக்கு. சூரியன் உச்சியில் நிற்கும்போது விழும் நிழல் மாதிரி, சரிவு நிலம் கீழே ஒரு சமதளத்தில் விழுந்தால் எவ்வளவோ அவ்வளவுதான். இடம் வாங்க வருகிறவர்கள் டேப்பைச் சரிவோடு போட்டுவிடுகிறார்கள். இறக்கத்தில் 100 அடி, குறுக்கே 100 அடி. "23 சென்ட் வரணுமே சார், படத்துல 20-கூட இல்லையே?" என்று ஒரே பிடியாக நிற்பார்கள். 30 பாகைச் சரிவென்றால் அந்த 100 அடி கிடைமட்டத்தில் 86.6 அடிதான். பரப்பு 8,660 சதுர அடி, ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்று வகுத்தால் 20 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. மூன்று சென்ட்டை பக்கத்துக் காட்டுக்காரர் தள்ளிக்கொண்டு போகவில்லை.

டேப்பால்தான் அளப்பேன் என்றால் அதை மட்டமாக இழுத்துப் பிடித்து, நுனியில் தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொடும் இடத்திலிருந்து அடுத்த அளவைத் தொடங்குங்கள். படி இறங்குவதுபோல் துண்டு துண்டாகத்தான் போக முடியும்.

பையன் விடவில்லை. "அப்ப வேலிக் கம்பி எவ்வளவு வாங்கணும் மாமா?" வேலி தரையோடு போகிறது, தளத்தோடு அல்ல. கம்பிக்கு முழு 100 அடியும் வேண்டும்டா.