எழுபது வயது எஃகுப் பெட்டிகள்

டொராண்டோ யூனியன் ஸ்டேஷனில் ‘கனடியன்’ ரயில் நின்றிருந்தது. வான்கூவர் வரை நான்கு இரவுப் பயணம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வரிவரியாக மடித்த துருப்பிடிக்காத எஃகு, சில்லென்று இருந்தது. பிலடெல்பியாவின் பட் கம்பெனி 1954-55ல் செய்து கொடுத்த பெட்டிகள் இவை!

அப்போதெல்லாம் பெட்டிக்குள் கதகதப்பு நீராவியால்தான். எஞ்சின் பக்கமிருந்து குழாய் வழியே ஒவ்வொரு பெட்டிக்கும் போகும். கனடாக் குளிரில் குழாய் உறைந்தால் பயணிகள் பாடு திண்டாட்டம். 1990ஐ ஒட்டி கனடா அரசின் பயணிகள் ரயில் நிறுவனமான வியா ரயில் இவற்றைப் பிரித்து மேய்ந்து, நீராவியை எடுத்துவிட்டு, எஞ்சினிலிருந்து மின்சாரம் வரும்படி மாற்றியது. அந்த வேலையின் தயவில்தான் இன்றும் ஓடுகின்றன.

கியூபெக் நகரம்–வின்ட்சர் தடத்துக்கு 2018ல் சீமென்ஸிடம் 32 புது ரயில்கள் ஆர்டர் செய்தார்கள். 2022ல் ஓடத் தொடங்கின. சரி, நெடுந்தூர ரயில்களுக்கு? கனடாவின் 2024 மத்திய பட்ஜெட்டில்தான் வழி பிறந்தது. இவ்வளவு தள்ளிப்போட்டிருக்கக் கூடாது. எஃகுக்கும் வயதாகும்.

புதுப் பெட்டிகள் சீக்கிரம் வரட்டும். இந்த ரயிலின் கண்ணாடிக் கூரை மாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ராக்கி மலையைத் தலையை அண்ணாந்து பார்க்கிற இடம் அது.