கிளிப்பச்சைச் சுவரும் மாமாவின் நாற்காலியும்

பல்பு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். எத்தனை வாட், எவ்வளவு நாள் கேரண்டி. இதைப் போட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் முகம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. மதுரையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. நாள் முழுக்கப் பல்பு எரித்துக் காட்டும் பலகைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். 3000 கெல்வின் மஞ்சள் பல்பை எரித்தால் வாடிக்கையாளர் முகம் ஒரு மாதிரி, 6500 கெல்வின் வெள்ளையை எரித்தால் வேறு மாதிரி. படம் எடுக்கும் ஆசை எனக்கு வந்தது அந்தப் பலகையால்தான்.

நான் எடுக்கும் படங்களைப் பார்த்தவர்கள், "ஏன் எப்பவும் உங்க மாமனாரையே எடுக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஒளியைப் பழக வேண்டுமென்றால் மற்ற எல்லாம் அசையாமல் இருக்க வேண்டும். புது ஊர், புது முகம், புது லென்ஸ் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால், படம் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அதனால் எனக்கு ஒரே ஜன்னல், ஒரே பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே மாமா. மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரைப் பிரித்தால் வரிவிளம்பரம் வரை படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இதைவிட நல்ல மாடல் எங்கே கிடைக்கும்?

"ஏம்மா, இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டியா?"

"கொஞ்சம் ஜன்னல் பக்கமா திரும்புங்க மாமா. அஞ்சு நிமிஷம்."

"போன தடவையும் அஞ்சு நிமிஷம்னுதான் சொன்னே."

முதல் பயிற்சி நாற்காலியை நகர்த்துவதுதான். ஜன்னலை ஒட்டிப் போட்டால் மாமாவின் முகம் பளிச்சென்று இருக்கும், பின்சுவர் இருட்டில் போய்விடும். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டே போனால் முகமும் சுவரும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வந்துவிடும். பின்னால் தொங்குகிற காலண்டர், மிக்ஸி வாங்கிய அட்டைப்பெட்டி எல்லாம் படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சின்ன பல்பாக இருந்தால் இதற்குக் கணக்கே உண்டு. 1 மீட்டரில் கிடைக்கிற வெளிச்சம் 2 மீட்டரில் பாதி ஆகாது, கால்வாசியாகிவிடும். ஜன்னல் பெரியது என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது, இவ்வளவு வேகமாகக் குறையாது. ஆனாலும் போக்கு அதுதான். பின்னணி அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டை ஒதுக்கி வைக்கிறவர்கள் முதலில் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, திருப்புவது. ஜன்னலுக்கு நேராக முகம் வைத்தால் சுருக்கம் எல்லாம் மறைந்து வழவழவென்று இருக்கும். முகத்தைப் பக்கவாட்டில் கொண்டுபோகக் கொண்டுபோக ஒரு பாதி இருட்டாகிக்கொண்டே வரும். நடுவில் ஓர் இடத்தில், இருட்டுக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு வெளிச்ச முக்கோணம் விழும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த முகங்களில் இதைப் பார்க்கலாம், அதனால் இந்த ஒளியமைப்புக்கே அவர் பெயர்தான். மாமாவுக்கு மூக்கு கொஞ்சம் பெரிது. அவர் தலையை லேசாகச் சாய்த்தாலும் மூக்கு நிழல் முக்கோணத்தை விழுங்கிவிடும். அதைப் பிடிப்பதற்குள் அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

நிழல் பக்கம் ரொம்பக் கறுத்தால் அங்கே ஒரு தெர்மோகோல் அட்டை. கடையில் பார்சல் பிரித்ததும் தூக்கிப் போடுவதுதான், காசில்லை. இதை எல்லோரும் சொல்வார்கள். குறைவாகச் சொல்வது இதற்கு நேரெதிரான வேலை. எங்கள் ஹாலில் மூன்று பக்கமும் வெள்ளைச் சுவர், வெளிச்சம் அங்கங்கே பட்டுத் திரும்பி நிழலே இல்லாமல் செய்துவிடும். அப்போது மாமாவின் கறுப்புக் குடையை விரித்து நிழல் பக்கத்தில், படத்தில் விழாத மாதிரி வைப்பேன். கறுப்புத் துணி வெளிச்சத்தைக் குடித்துவிடும், தாடை தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். வீட்டுக்குள் குடை விரிப்பதை அத்தை ஒப்புக்கொள்வதில்லை. அவர் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் இந்தப் பாடம்.

இப்போது ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது வடக்குப் பார்த்த ஜன்னல். வெளிநாட்டு வீடியோக்களில் வடக்கு ஜன்னலை ஆகா ஓகோ என்பார்கள், வருஷம் முழுக்க நேர் வெயில் வராது, ஒளி மாறாமல் மெத்தென்று இருக்கும் என்று. அது அவர்கள் ஊர்க் கதை. மதுரை இருப்பது 10 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதக் காலையில் வடகிழக்கிலிருந்து சாய்வாக உள்ளே வந்து தரையில் கம்பி கம்பியாக விழும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு மாமாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுகிறேன். சூரியன் வானத்தில் சின்னப் புள்ளி, அதனால்தான் அதன் நிழல் கத்தி மாதிரி இருக்கிறது. வேட்டியில் பட்டதும் வேட்டி முழுக்கவே விளக்காகிவிடுகிறது. விளக்கு பெரிதானால் நிழலின் ஓரம் கரைந்துபோகும்.

மற்ற மாதங்களில் கதை வேறு. சூரியன் தெற்கே போய்விடும், எங்கள் சந்தில் எதிர்வீட்டு மாடிச் சுவரில் வெயில் முழுசாக அடிக்கும். அந்தச் சுவர் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த காலத்தில் எனக்கு அது இலவச ஸ்டுடியோ. சுவரில் பட்ட வெயில் அப்படியே திரும்பி எங்கள் ஜன்னலுக்குள் வரும். அப்புறம் அவர்கள் வீட்டில் கல்யாணம் வந்தது. பெயிண்ட் அடித்தார்கள். கிளிப்பச்சை.

மாமாவின் இடது கன்னம், வெள்ளை பனியன், நரைத்த தலை எல்லாவற்றிலும் பச்சை ஏறியது. நிறத்தைத் திருத்த கேமராவில் வழி இருக்கிறதே என்பீர்கள். மொத்தப் படமும் பச்சையாக இருந்தால் திருத்தலாம். இங்கே ஒரு கன்னத்துக்குப் பச்சை, இன்னொரு கன்னத்துக்கு எங்கள் சுவரிலிருந்து வெள்ளை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். வெயில் எதிர்ச்சுவரில் விழும் நேரத்தை விட்டுவிட்டு, மேகம் மூடிய நாளிலோ வேட்டியைக் கட்டியோ எடுத்துப் பார்த்தேன். வேட்டி கட்டினாலும் பச்சை வடிகட்டப்படுவதில்லை, கொஞ்சம் பரவுகிறது, அவ்வளவுதான். கடைசியில் அந்தப் பச்சையையே வைத்துக்கொண்டு, வாழை இலையும் கொத்தமல்லிக் கட்டும் எடுக்க அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டேன். அதற்குப் பிரமாதமாக இருக்கிறது.

அடுத்தது நிறம். மாமா நல்ல கறுப்பு. போட்டிருப்பது வெள்ளை பனியன். கேமராவுக்கு இரண்டும் புரியாது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பதுதான் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் குணம். பனியன் படத்தை நிறைத்தால் எல்லாவற்றையும் மங்கலாக்கும், முகம் நிறைத்தால் எல்லாவற்றையும் வெளிறடிக்கும். போனில் முகத்தின் மேல் விரலால் தட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுப்பேன். கறுப்பு முகத்தைப் பளிச்சென்று ஆக்கித்தான் தீர வேண்டும் என்று போன்களுக்கு யார் சொன்னார்களோ. பியூட்டி மோடு போட்டால் மாமா வேறு யாரோ ஆகிவிடுகிறார். இது இன்று வந்த வியாதியும் இல்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்குக் கொடுத்த 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள். அந்தத் தோலுக்கு நிறம் சரியாக வந்தால் எல்லோருக்கும் சரி என்று கணக்கு.

கறுத்த தோலுக்கு வேண்டியது கூடுதல் வெளிச்சம் இல்லை, அகலமான வெளிச்சம். பெரிய ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒரு மினுமினுப்பு நீளமாக ஓடும். முகத்தின் வடிவத்தைச் சொல்வது அந்த மினுமினுப்புதான். காலையில் அவர் தேங்காயெண்ணெய் தடவியிருந்தால் இன்னும் விசேஷம்.

இதே பாடத்தைப் பித்தளைக் குத்துவிளக்கும் சொல்லித்தரும், கொஞ்சம் கோபமாக. பித்தளையில் தெரிவது பித்தளை அல்ல, எதிரில் இருப்பதெல்லாம். நான், போன், மின்விசிறி, அத்தையின் நைட்டி. லென்ஸுக்கு முன்னால் போலரைசர் என்ற ஃபில்டரை மாட்டினாலும் போகாது, அது இலை, தண்ணீர், கண்ணாடி மேலிருக்கும் பளபளப்பைக் குறைக்கும், வெறும் உலோகத்தின் பளபளப்பிடம் பலிக்காது. விளக்கைச் சுற்றி வெள்ளை சார்ட் பேப்பர் நிறுத்தி, பித்தளைக்குப் பார்க்க வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் செய்வதே வழி.

ராத்திரி படம் எடுக்கிறவர்களுக்குக் கடைக்காரியாக ஒரு வார்த்தை. பல்பு அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருந்தால் பாருங்கள், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கான அளவு அது. 80 என்பது சாதாரணம், 90க்கு மேல் இருந்தால் நல்லது. மட்டமான எல்.இ.டி.யில் சிவப்பு குறைவாக இருக்கும், அதன் கீழ் தக்காளித் தொக்கும் மனித முகமும் ஒன்றுபோலச் சோர்ந்து தெரியும். இன்னொன்று, படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வந்தால் போனைத் திட்டாதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சரியில்லாத பல்பு அதற்கேற்ப நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 அல்லது 1/50 நொடிக்குக் கொண்டுவந்தால் பட்டை அடங்கிவிடும். டியூப்லைட்டையும் மஞ்சள் பல்பையும் சேர்த்து எரிய விட்டு எடுப்பது கிளிப்பச்சைச் சுவர்க் கதையேதான், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

வெளியே எடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போவதுண்டு. மாமாவும் வருவார், அங்கே உட்கார இடம் இருக்கிறது. திறந்த முற்றத்தில் வெயில் கொளுத்தும்போது வளைவுகளுக்குள் ஓரடி தள்ளி நின்றால் போதும், தரையும் தூண்களும் வெயிலைத் திருப்பி உள்ளே அனுப்பும். 1956இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவில் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துக் கீழே இறக்கினார். முற்றத்து வெளிச்சம் வானத்திலிருந்து எப்படி இறங்கும் என்று நன்றாகப் பார்த்து வைத்திருந்தவருக்குத்தான் அது தோன்றும்.

சாயங்கால வெயிலை நம்பிப் போகிறவர்கள் மட்டும் சீக்கிரம் போங்கள். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்கு 6 டிகிரி மேலே இருக்கும்போது தொடங்கினால் மறைய 25 நிமிடம்தான். லண்டனில் ஜூன் மாதம் அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். வீடியோவில் அவர்கள் நிதானமாக லென்ஸ் மாற்றுவதைப் பார்த்து நாமும் டீ குடிக்கப் போனால் வெயில் போய்விடும்.

போன வாரம் மாமாவுக்குப் பென்ஷன் விஷயமாகப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தேவைப்பட்டது. நான் இத்தனை எடுத்து வைத்திருக்கிறேனே என்றேன். "அதுல எல்லாத்துலயும் ஒரு காதுதாம்மா தெரியுது" என்று சொல்லிவிட்டுத் தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போனார். அவர்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் குடை லைட் வைத்து, நிழலே விழாமல் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு காதும் தெரிகிறது. அந்த வேலைக்கு அதுதான் சரியான ஒளி. அந்த இரண்டு லைட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டிருந்தார்கள் என்று கேட்டேன், மாமா கவனிக்கவில்லையாம். சனிக்கிழமை எனக்கும் ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போய்ப் பார்த்து வரலாம் என்றிருக்கிறேன்.