திரெடிங் கதிரையை விட்டு

பியூட்டி பார்லர் வேலையில் ஒருவர் தேங்கிப்போனால் வெளியே தெரியாது. கடையில் கூட்டம் இருக்கும், கை ஓயாது, நாலு பேர் நம் பெயரைச் சொல்லிக் கேட்டு வருவார்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் நான் வேலை செய்த இடத்திலும் அப்படித்தான். திரெடிங், பேஷியல், தலை கழுவிவிடுவது எல்லாம் என் பொறுப்பு. மணமகள் வந்தால் சாரிக்கு மடிப்பெடுத்து அயர்ன் பண்ணி வைப்பேன். முகத்தில் கை வைப்பது மெடம் மட்டும்தான். இந்தத் தொழிலில் காசும் பேரும் மணமகள் அலங்காரத்தில்தான் இருக்கிறது. புருவம் எடுப்பதில் எவ்வளவு கெட்டிக்காரியானாலும் சம்பளம் ஓரளவுக்கு மேல் ஏறாது.

சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு இவளே தனியாகப் போய்விடுவாள் என்று மெடம் பயந்தார். போகத்தானே போனேன், அவரைக் குறை சொல்ல முடியாது.

துணிந்து வேலையை விடு, பிறகு எல்லாம் தானாக நடக்கும் என்பார்கள். சொல்பவர்கள் வீட்டில் அரிசிக்குக் காசு கொடுக்க வேறு ஆள் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். அந்த நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான், அதுவும் பறித்த கொழுந்தின் கிலோவைப் பார்த்துத்தான் முழுசாகக் கைக்கு வரும். அதனால் நான் ஒரேயடியாகக் குதிக்கவில்லை. விழுந்தாலும் எழும்பக்கூடிய அளவுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் காலை வைத்தேன்.

முதலில் சான்றிதழ். என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. கோர்ஸுக்குப் போகாமல், செய்த வேலை அனுபவத்தை வைத்தே அதற்கு விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது. மதிப்பிட வருபவர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஹேர் டை போடுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன் காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்ப்பது ஏன் என்று என்னைக் கேட்டார்கள். கடையில் யாரும் செய்யாத காரியம், ஆனால் பதில் தெரிந்திருந்தது: ஒவ்வாமை வருமா என்று பார்க்கத்தான். லீவு நாட்களில் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு மேக்கப் சாமான் காசை மட்டும் வாங்கிக்கொண்டு அலங்காரம் செய்து கை பழகியதும் அந்தக் காலத்தில்தான்.

அப்புறம் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஓகஸ்டில் இறக்குமதியை நிறுத்திய பொருட்களின் பட்டியலில் அழகுசாதனங்களும் சேர்ந்தன. பவுண்டேஷன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். புத்தியுள்ளவர்கள் இருக்கிற வேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்ட நேரத்தில் நான் விட்டேன். காரணம் பெற்றோல் தட்டுப்பாடு. டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறி வர பார்லர்காரர்களுக்கு வாகனம் ஓடவில்லை. கல்யாணம் மட்டும் நிற்கவில்லை, முகூர்த்தம் பெற்றோல் வரிசையைப் பார்ப்பதில்லையே. எனக்கு வாகனமே தேவையில்லை, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். சங்கிலியை அடகு வைத்து மேக்கப் பெட்டிச் சாமான் வாங்கினேன். விடியற்காலை முகூர்த்தம் என்றால் சாமத்திலேயே டோர்ச்சோடு கிளம்ப வேண்டும், தம்பி துணைக்கு வருவான்.

சங்கிலியை அடகு வைத்ததைவிட எனக்குப் பயம் தந்தது வேறொரு முடிவு. வெள்ளையாக்கும் கிரீம் விற்பதில்லை, மணமகளை அவள் நிறத்தைவிட வெளுப்பாகக் காட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கிரீமில்தான் மாதா மாதம் நிச்சயமான காசு. ஆனால் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாமல் வரும் டப்பாக்களில் பாதரசம் இருக்கலாம். அது தோலோடு நிற்காமல் சிறுநீரகம் வரை போகும். மேக்கப் விஷயம் இன்னும் நேரானது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மேலே வெளுத்த பவுண்டேஷன் போட்டால் கண்ணாடியில் பரவாயில்லாமல் தெரியும், கமரா பிளாஷில் முகம் சாம்பல் பூத்துக் கழுத்து வேறாக நிற்கும். தாடை ஓரத்தில் தடவிப் பார்த்து, தோலோடு கரைந்துபோகிற நிறத்தைத்தான் எடுக்க வேண்டும்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு கல்யாணத்தில், எல்லாம் முடிந்த பிறகு பெரியம்மா ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "என்னா தங்கச்சி, இவ்வளவு காசு குடுத்தும் புள்ள அவ மாதிரியேதான் இருக்கா?" பக்கத்திலிருந்த மணமகள் சிரித்த சிரிப்பில் பொட்டு நகர்ந்துவிட்டது, திரும்ப வைத்தேன். அந்த வீட்டிலிருந்து அடுத்த வேலை கிடைக்கவில்லை. அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேர் பிறகு அழைத்தார்கள்.

வருமானம் இப்போதும் சீரில்லை. ஆடியிலும் மார்கழியிலும் போன் அடிக்காது, தையில் மூச்சுவிட நேரம் இருக்காது. கடையில் இருந்திருந்தால் முதலாளி பங்கு 12 வீதத்தோடு சேமலாப நிதி கேட்டிருக்கலாம், இப்போது நானே சீட்டுப் பிடித்துச் சேர்க்கிறேன். முன்பணம் வாங்காமல் திகதி கொடுப்பதில்லை.

தலவாக்கலையில் ஒரு கடை காலியாக இருக்கிறது, எடு எடு என்கிறார்கள். கீ மணி என்று கடைக்கு முன்பணமாகக் கேட்கிற தொகைக்கு இன்னொரு சங்கிலி வேண்டும். அதை விட்டுவிட்டு, கண்டிய முறை மணமகள் அலங்காரம் படிக்கக் கட்டணம் கட்டியிருக்கிறேன். நாவலப்பிட்டிப் பக்கம் சிங்களக் கல்யாணங்கள் நிறைய, சிங்களம் எனக்குச் சரளம், நடந்து போகும் தூரம் மட்டும் இல்லை. முதல் மணமகள் அடுத்த மாதம். ஒசரி என்ற கண்டியச் சாரியின் இடுப்புச் சுருக்கு இன்னும் கைக்கு வரவில்லை. தினமும் தங்கச்சிக்குக் கட்டி அவிழ்த்துப் பழகுகிறேன். நேற்று அவள், இனி நிற்பதற்குக் காசு தா என்று சொல்லிவிட்டாள்.