குழி அப்படியே இருக்கு, புகாரை மட்டும் மூடிட்டாங்க

தென்னாப்பிரிக்காவின் நட்டால் வடகரையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஆர்102 சாலைதான் கதி. என்2 ஃப்ரீவேயில் சைக்கிளுக்கு இடமில்லை. கரும்பு லாரி ஏறி இறங்கித் தார் உடைந்து கிடக்கும் இடது ஓரத்தில்தான் நாமும் போயாக வேண்டும். அந்த ஓரத்துக் குழி ஒன்றை மூட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நகராட்சியில் புகார் பதிவது சுலபம். ஆப், போன், கவுண்டர் எதுவானாலும் சரி, ரெஃபரன்ஸ் நம்பர் கையில் வராமல் நகராதீர்கள்.

பாடு அதற்குப் பிறகுதான். "வேலை முடிந்தது" என்று எஸ்எம்எஸ் வருகிறது. போய்ப் பார்த்தால் குழி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. கவுண்டரில் கேட்டதற்கு, "அது தண்ணீர்க் கசிவு, எங்க பிரிவு இல்ல. அதனால மூடிட்டோம்" என்றார்கள். அந்தப் பிரிவுக்கு அனுப்பினீர்களா என்றால், "அதை நீங்கதான் தனியா பதியணும், அங்கிள்." இதை எஸ்எம்எஸ்ஸில் ஒரு வரி சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சம்.

ஆகவே, பதியும் முன் குழியை நன்றாகப் பாருங்கள். ஒரு வாரமாக மழையே இல்லாமல் உள்ளே தண்ணீர் நின்றால் பெரும்பாலும் அடியில் குழாய் கசிகிறது. முதலில் தண்ணீர்ப் பிரிவில் பதிந்து, அந்த எண்ணைச் சாலைப் பிரிவுப் புகாரிலும் எழுதுங்கள். கசிவு நிற்காமல் போடும் ஒட்டு எப்படியும் நிற்காது. விளிம்பு நேர்கோடாக வெட்டினாற்போல் நீள்சதுரமாக உள்ளே இறங்கியிருந்தால், யாரோ குழாயோ கேபிளோ பதித்துவிட்டு மண்ணைச் சரியாக இறுக்காமல் போயிருக்கிறார்கள். அதையும் எழுதிவிடுங்கள்.

படம் இரண்டு வேண்டும். ஒன்று கிட்டத்தில், ஆழம் தெரிய சைக்கிள் பம்ப்பைக் குழிக்குள் நிறுத்தி எடுங்கள். இன்னொன்று தள்ளி நின்று, விளக்குக்கம்பத்து எண்ணோ கடைப் பலகையோ தெரியும்படி. மேப்பில் இடக்குறி (பின்) போடுவதைக் குழியருகே ஓரமாக நின்றே முடியுங்கள். எந்தப் பக்கம் போகும் பாதை என்பதையும் சொல்லுங்கள். இல்லையென்றால் எதிர்ப்பக்கம் தேடிவிட்டு "குழி காணவில்லை" என்று மூடிவிடுவார்கள். பத்துக் குழியை ஒரே புகாரில் அடைக்காதீர்கள். ஒன்றை மூடியதும் நம்பரே முடிந்துபோகும்.

சாலை எண்ணை வைத்து யாருடையது என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஒரே சாலையில் ஒரு துண்டு மாகாணத்திடம், அடுத்த துண்டு நகராட்சியிடம் இருக்கலாம். 2022இல் வலா சோங்கே என்ற குழி மூடும் திட்டத்தோடு, தேசியச் சாலை நிறுவனமான சான்ரால் கொண்டுவந்த 'மை பாட்ஹோல்ஸ்' ஆப்பில் பதிந்தாலும், மூடும் வேலை அந்தந்தச் சாலைக்கு உரியவர்களுடையதுதான்.

இழுத்தடித்தால் நம்பர்களை எல்லாம் ஒரே மின்னஞ்சலில் போட்டு வார்டு கவுன்சிலருக்கு அனுப்புங்கள். எங்கள் குழி அசைந்தது அதற்குப் பிறகுதான். ஒட்டுப் போட்டதும் போய்ப் பாருங்கள். ஓரத்தைச் சதுரமாக வெட்டி, தூசி தட்டி, தார் பூசி, கலவையைக் கொட்டி இறுக்கியிருந்தால் நிற்கும். ஈரக் குழியில் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனது ஒரு மழைக்குத் தாங்காது. அன்றே படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதிதாகப் பதியுங்கள்.

விழுந்து ரிம் வளைந்து இழப்பீடு கேட்பதானால், அரசு அமைப்புகள் மீது வழக்குப் போடுவது பற்றிய 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி, சாலைக்கு உரிய அமைப்புக்கு 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் சத்தியக் கடிதம் (அஃபிடவிட்) இலவசம். அதோடு பழுது பார்க்கும் கடையின் விலைப்பட்டியலையும், அதே குழிக்கு முன்பே யாராவது பதிந்த ரெஃபரன்ஸ் நம்பரையும் சேருங்கள். "குழி இருப்பதே தெரியாது" என்று அவர்கள் சொல்ல முடியாதபடி செய்வது அந்த நம்பர்தான்.